பிஸ்கட் டின்னுக்குள் ஆறு படங்கள்: யார் இந்தச் சிப்பாய்?

ஜப்பான்காரன் காலம் முடிந்து எண்பது வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் நம் தோட்டங்களில் இன்று விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் இன்னும் நம் வீடுகளில் கிடக்கின்றன. தகரப் பெட்டி, பித்தளைச் சொம்பு, ஒன்றுக்கும் உதவாத வாழைமர நோட்டுக் கட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்த பழைய போட்டோ. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தைக் காலி செய் என்றதும் லாரியில் ஏறுவது கட்டிலும் அலமாரியும்தான். இந்தச் சாமான்களுக்கு லாரியில் இடமிருப்பதில்லை.

அப்படி லாரியில் ஏறாமல் போயிருக்க வேண்டிய ஒரு பிஸ்கட் டின்னைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

செராஸ் வட்டார அடுக்குமாடி வீடொன்றில் ஓர் அம்மா இருக்கிறார். எண்பதைத் தாண்டிய வயது. பிறந்ததும் வளர்ந்ததும் மரம் சீவியதும் உலு லங்காட் பக்கத்துத் தோட்டமொன்றில். பேரனின் சொக்சோ மனு விஷயமாக நாம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். பாரத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கி எழுந்திருக்கும்போது, "தம்பி, நீங்க யூனியன்காரரு, நாலு எடம் போறவரு. இதுக்கும் ஒரு வழி பண்ணிக் குடுங்க" என்று சொல்லி, துணியில் சுற்றிய டின்னை எடுத்து வந்து வைத்தார்.

உள்ளே ஆறு படங்கள். ஓரம் பழுப்பேறி, ஒன்றில் பாதி பூச்சி அரித்து, மற்றபடி நன்றாகவே இருந்தன. படத்தில் இருப்பவர் அம்மாவின் தகப்பனார் இல்லை. தகப்பனார் 1944ல் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர், 1945 தீபாவளிக்கு முன்னால் எலும்பும் தோலுமாகத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர். வரும்போது கையில் இருந்தது இந்த டின் மட்டும்தான். "அண்ணனோட சாமான். வருவாரு, குடுக்கணும்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னாராம். அண்ணன் யார், ஊர் எது, பேர் என்ன, ஒன்றும் சொல்லவில்லை. பிறகு காய்ச்சலில் கிடந்து, அதிகம் பேசாமலேயே, அம்மா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இறந்து போனார். மனைவி அந்த டின்னை அவசரகாலத்தில் சமையல்கட்டு மண்ணில் புதைத்து வைத்துக் காப்பாற்றினார். பிறகு மகள் காப்பாற்றினார். இது அவர்கள் சொத்தல்ல. இன்னொருவர் ஒப்படைத்த பொருள்; உரியவரிடம் சேர்க்க வேண்டும். எண்பது வருஷமாக இது ஒரு கடன் மாதிரி அந்தக் குடும்பத்தின் தலையில் இருக்கிறது.

"அந்த அண்ணன் பர்மா சண்டையிலயே போயிட்டாருன்னு எங்கம்மா சொல்லும்" என்றார் அவர்.

படங்களை நாம் வாங்கிப் போகவில்லை. அது சரியில்லை என்று பட்டது. இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டு, டின்னை அவரிடமே கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு பல மாதமாக, வேலைக்கு நடுவில், அந்த நகல்களோடுதான் அலைந்திருக்கிறோம்.

காக்கி போட்டவரெல்லாம் ஐ.என்.ஏ.வா?

தோட்டத்து வீடுகளில் காக்கிச் சட்டையோடு ஒரு தாத்தா படம் இருந்தால், "எங்க தாத்தா நேத்தாஜி படையில இருந்தவரு" என்று பேரப் பிள்ளைகள் சொல்வது வழக்கமாகிவிட்டது. பெருமைதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் காக்கியில் பல காக்கி உண்டு. சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரன் நடத்திய எப்.எம்.எஸ். தொண்டர் படையிலும் காக்கிதான். 1941ல் மலாயாவுக்கு வந்திறங்கிய பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் காக்கிதான். 1946, 47ல் கெடாவில் கள்ளுக்கடையை எதிர்த்துக் கிளம்பிய தொண்டர் படையும் சிப்பாய் மாதிரித்தான் அணிவகுத்து நடந்தது. அப்புறம் 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை வரை நடந்த அவசரகாலத்தில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலைக்குப் போனார்கள். தோட்டத்து வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் தாத்தா, பெரும்பாலும் அந்தக் காலத்துத் தாத்தாதான்!

ஆக, முதல் வேலை இது எந்தக் காக்கி என்று பிரிப்பது.

முதல் படம் ஸ்டூடியோவில் எடுத்தது. பிரம்பு நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். முப்பது வயதுக்கு உள்ளேதான் இருக்கும். காக்கி அரைக்கை சட்டை, முழங்கால் வரை கால்சட்டை, ஒரு பக்கம் சாய்த்த தொப்பி. இடது காது மடல் கீழ்ப்பக்கம் கிழிந்து இரண்டாகத் தொங்குகிறது. சின்ன வயதில் கடுக்கன் போட்டு, அது எப்படியோ அறுந்திருக்க வேண்டும். இந்தக் காதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

படத்தின் பின்புறம் ஊதா மை முத்திரை அழிந்து, "ரோடு, கோலாலம்பூர்" என்பது மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே பென்சிலில் நாலு எண்கள்: 2603. இது ஸ்டூடியோக்காரரின் பட நம்பர் என்றுதான் அம்மாவின் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது வருஷம்! ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை மட்டும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றவில்லை, வருஷத்தையும் மாற்றினான். அவர்களுடைய முதல் சக்கரவர்த்தி பட்டத்துக்கு வந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு அது. நம் கணக்கோடு 660ஐக் கூட்ட வேண்டும். 1942 என்றால் 2602. 1943 என்றால் 2603. 1944 என்றால் 2604. அன்றைய பத்திரிகையிலும் கடிதாசியிலும் இந்த எண்தான். உங்கள் வீட்டுப் பழைய படத்திலோ ரசீதிலோ இருபத்தாறில் தொடங்கும் நாலு எண் இருந்தால், அதை நம்பர் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆக, இந்தப் படம் 1943ல் கோலாலம்பூரில் எடுத்தது. அந்த வருஷம் இந்த ஊரில் தமிழ் ஆள் ஒருவர் சிப்பாய் உடையில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால், அவர் வெள்ளைக்காரன் படையாக இருக்க முடியாது. அந்தப் படை 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூரில் சரணடைந்துவிட்டது.

பலகையில் மூன்று சொற்கள்

இரண்டாவது படம் இதை உறுதி செய்கிறது. அத்தாப்புக் கூரை போட்ட நீளக் கொட்டகை. முன்னால் இரண்டு வரிசையில் முப்பது பேர் போல நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். கொட்டகை நெற்றியில் ஒரு பலகை. ரோமன் எழுத்தில் மூன்று சொற்கள். முதல் சொல் மேல் பூச்சி அரித்துவிட்டது. இரண்டாவது "எத்மாத்", மூன்றாவது "குர்பானி". முதல் சொல் "இத்தேபாக்" என்று இருந்திருக்க வேண்டும். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பது இதன் பொருள். இந்திய தேசிய ராணுவத்தின் கொள்கைச் சொற்கள் இவை. அந்தப் படையில் எல்லோருக்கும் பொதுப் பாஷை இந்துஸ்தானி. எழுதியது ரோமன் எழுத்தில். தமிழ், பஞ்சாபி, மலையாளம், வங்காளி என்று பல பாஷைக்காரர்கள் சேர்ந்த படைக்கு அப்படி ஒரு ஏற்பாடு. நம் தோட்டத்துப் பையன்கள், கங்காணியின் அதட்டலைத் தவிர வேறு உத்தரவு கேட்டறியாதவர்கள், இந்துஸ்தானியில் கட்டளை கேட்டு இடம் வலம் திரும்பப் பழகினார்கள்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? நாம் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்குச் சொல்லும் "பெரட்டு" என்ற சொல்லே சிப்பாய்களின் பரேடிலிருந்து வந்ததுதான். இருட்டோடு எழுந்து பெரட்டுக் களத்தில் வரிசையாய் நிற்பது நம் ஆட்களுக்குப் பழகிய சங்கதி. அந்த வரிசையில் நின்றால் தொரைக்கு லாபம். இந்த வரிசையில் நின்றால் நாட்டுக்கு விடுதலை என்று சொன்னார்கள். போனார்கள்.

எல்லோரும் அதற்காகத்தான் போனார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். சண்டை வந்ததும் ரப்பர் ஏற்றுமதி நின்றது, வேலை போனது, அரிசி போனது, மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு வீங்கிய காலம். 1942லிருந்து சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்தார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போவதைவிடத் துப்பாக்கி பிடிப்பது மேல் என்று நினைத்துச் சேர்ந்தவர்களும் உண்டு. அதனால் அவர்கள் தியாகம் குறைந்துவிடாது. சயாமுக்குப் போன நம் ஆட்களுக்கு இப்படி டின்னில் வைக்க ஒரு படம்கூட இல்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வெள்ளைக்காரக் கைதிகளில் ஆஸ்திரேலியர் ஒருவர், ஜார்ஜ் ஆஸ்பினால் என்பவர், சாங்கியிலும் ரயில் பாதையிலும் சின்னக் கேமராவை ஒளித்து வைத்துப் படமெடுத்தார். அந்தப் படங்கள் பின்னால் புத்தகமாகவே வந்தன. நம் ஆட்களிடம் கேமரா ஏது?

பால் மரம் சொன்ன சாட்சி

மூன்றாவது படம்தான் நமக்குப் பிடித்தது. ஒரு களம். வரிசை வரிசையாய் ஆட்கள் தேகப் பயிற்சி செய்கிறார்கள். முகம் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ரப்பர் மரங்கள். படித்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம் காட்டினோம். "பயிற்சி முகாம், இடம் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். பிறகு நாற்பது வருஷம் மரம் சீவிய பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஆட்களைப் பார்க்கவே இல்லை, மரத்தைத்தான் பார்த்தார்.

"இது ஒட்டு மரம் இல்ல, கொட்டையிலேருந்து மொளைச்ச பழைய மரம். பாருங்க, அடி பெருத்து மேல போகப் போகச் சிறுக்குது. ஒட்டு மரம்னா தூண் மாதிரி ஒரே சீரா நிக்கும், அடியில ஆனைக் கால் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். வெட்டு ரொம்பக் கீழ வரைக்கும் வந்திருக்கு, ரெண்டு பக்கமும் வெட்டியிருக்கான். மங்கு ஒண்ணுகூட இல்ல. கீழ காடு மண்டிப்போச்சு. கொஞ்ச காலமா ஆளே சீவலை."

நாம் அசந்து போனோம். பயிற்சி முகாம் ஒரு பழைய தோட்டத்தை ஒட்டியிருந்தது. அந்தத் தோட்டம் படமெடுத்தபோது வேலை நின்று கிடந்தது. இத்தனையும் ஒரு மரத்திலிருந்து! நாட்டில் ஐ.என்.ஏ.வுக்கு ஆள் பழக்கிய முகாம்கள் கோலாலம்பூரில் இருந்தன, சிரம்பானில் இருந்தன, ஈப்போவில் இருந்தன. சிங்கப்பூரில் பிடாதாரி, செலேத்தார், நீ சூன் என்று பல இடங்கள். சிங்கப்பூரிலும் அன்று ரப்பர் உண்டு. ஆகையால் மரத்தை மட்டும் வைத்து இடத்தைத் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் பின்னணியில் இடது பக்கம் ஒரு சுண்ணாம்பு மலை முகடு தெரிகிறது. அது நம் கண்ணுக்கு மலாயாக் கரையாகத்தான் படுகிறது. ஈப்போ பக்கத்து மலையா, பத்துமலைப் பக்கமா என்பது பார்த்துப் பழகியவர்கள் சொல்ல வேண்டியது.

நாலாவது படத்தைப் பார்த்ததும் பலரும் குதித்தார்கள். கால்சட்டை போட்ட பெண் பிள்ளைகள் துப்பாக்கியோடு வரிசையில் நிற்கிறார்கள். ஜான்சி ராணிப் படை என்று சொல்லவே வேண்டாம். 1943 அக்டோபர் 22ல் சிங்கப்பூரில் அந்தப் படையின் முகாம் திறந்தது. டாக்டர் லட்சுமி தலைமை. கோலாலம்பூர்ப் பெண் ஜானகி அதில் சேர்ந்து துணைத் தலைவியானார். பின்னால் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர், 2014ல் மறைந்தார். ஈப்போவிலிருந்து ராசம்மாவும் அவர் அக்கா பொன்னம்மாவும் போனார்கள். ஆனால் அந்தப் படையில் பெரும் பகுதி பேர் தெரியாத தோட்டத்துப் பெண்கள். தாய்நாடு என்று எதைச் சொல்கிறார்களோ அதைக் கண்ணால் பார்த்தறியாதவர்கள். ஆயாக் கொட்டாயில் பிள்ளை பார்த்த கையும் பால் வாளி தூக்கிய கையும் துப்பாக்கி தூக்கின. அவர்களுடைய பேர்களைக் கேட்பார் இல்லை. டாக்டர் லட்சுமியின் பக்கத்தில் நிற்பவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை பாருங்கள், அதைத்தான் சொல்கிறோம்.

இந்தப் படம் நம் சிப்பாய்க்கு அவ்வளவாகச் சாட்சி சொல்லாது. அன்று பிரசாரத்துக்காக எடுத்துப் பரப்பிய படங்களும் உண்டு. அதில் ஒன்றை அவர் ஆசையாய் வாங்கி வைத்திருக்கலாம். கையில் இருக்கும் படமெல்லாம் தான் நின்ற இடத்துப் படம் என்று ஆகிவிடாது.

ஐந்தாவது படம்: பர்மாவில் சாகவில்லை!

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். ஐந்தாவது படத்தில் அதே ஆள். கிழிந்த காது மடல் தெளிவாய்த் தெரிகிறது. முதல் படத்தில் இருந்த கன்னம் இல்லை. இடுப்பு வாரை இறுக்கிக் கட்டியிருக்கிறார். கடற்கரை ஓரம் நிற்கிறார். பின்னால் ஒரு கட்டடம் போலவும் தூண் போலவும் ஒன்று. அதில் மறுபடியும் அதே மூன்று சொற்கள்.

அது சிங்கப்பூர் எஸ்பிளனேடு கடற்கரையில் நின்ற ஐ.என்.ஏ. நினைவுச் சின்னம். சண்டையில் இறந்த பேர் தெரியாத வீரர்களுக்காக எழுப்பியது. நேத்தாஜி 1945 ஜூலை 8ஆம் தேதி அடிக்கல் வைத்தார். ஆகஸ்ட் 15ல் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். மவுண்ட்பேட்டன் உத்தரவில் அந்தச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தான். அதாவது, அது மண்ணின் மேல் நின்றது சில வாரங்கள்தான்! சிங்கப்பூர் அரசாங்கம் அந்த இடத்தில் அடையாளப் பலகை வைத்தது 1995ல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சின்னத்தின் முன் ஒருவர் நின்று படமெடுத்துக்கொண்டால் அது 1945 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில்தான் இருக்க முடியும். இம்பால் சண்டை 1944லேயே முடிந்துவிட்டது. ஐராவதி, போப்பா மலைச் சண்டைகள் 1945 முற்பகுதியில் முடிந்துவிட்டன. ஆகவே இந்த அண்ணன் பர்மாவில் சாகவில்லை. சண்டை முடிகிற வரையில் உயிரோடு சிங்கப்பூரில் இருந்திருக்கிறார்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. நெடு நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஏன் வாங்க வரலை?" என்று கேட்டார்.

நமக்குத் தெரிந்த வரையில் இரண்டு வழிதான் இருந்தது. முன்னால் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து ஐ.என்.ஏ.வுக்கு மாறியவர் என்றால், அவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டு போயிருப்பார்கள். அங்கே விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ஆளைத் தரம் பிரித்தார்கள். அதிகாரிகள் மூவரை 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் விசாரணைக்கு நிறுத்தினார்கள், நாடே கொதித்தது. அல்லது, இவர் மலாயாவிலேயே சேர்ந்த தொழிலாளி என்றால், பெரும்பாலும் விட்டுவிட்டிருப்பார்கள். அப்படி விடுபட்டவர்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். பலர் பழையபடி பால் வாளியைத் தூக்கினார்கள். சிலர் சங்கத்துக்கு வந்தார்கள். ஐ.என்.ஏ.வில் பயிற்சி கொடுத்த எஸ்.ஏ. கணபதி பிறகு அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். செராஸ் ரோட்டுக்குப் பக்கத்தில்தான் அந்தச் சிறை இருந்தது. இன்று இடித்துக் கடைத்தொகுதி எழுப்பியாயிற்று. அந்தக் காலத்தில் ஐ.என்.ஏ. படம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று எத்தனையோ குடும்பங்கள் அடுப்பில் போட்டன. சமையல்கட்டு மண்ணைத் தோண்டிய அந்தத் தாயை நினைத்துக்கொள்கிறோம்.

நண்பர் ஒருவர், "இவர் டோக்கியோவுக்குப் படிக்கப் போனவராக இருக்கலாம்" என்றார். நேத்தாஜி ஜப்பானின் தரைப்படை, விமானப்படைக் கல்லூரிகளுக்கு 45 இளைஞர்களை அனுப்பியது உண்மை. ரங்கூனிலிருந்து போன ரமேஷ் பெனகல் பின்னால் இந்திய விமானப் படையில் பெரிய அதிகாரியாகி மகாவீர் சக்ரம் பெற்றார். ஆனால் அந்தப் பையன்கள் சண்டை முடியும்போது ஜப்பானில் இருந்தார்கள். நம் ஆள் சிங்கப்பூர்க் கடற்கரையில் நிற்கிறார். ஜெர்மனியில் இருந்த சுதந்திர இந்தியப் படை என்று சொன்னவரும் உண்டு. அந்தப் படையின் கைச் சின்னத்தில் பாயும் புலியும் ஜெர்மன் எழுத்தும் இருக்கும். இங்கே அந்தப் பேச்சே இல்லை.

ஆறாவது படம்

இது சின்னப் படம், உள்ளங்கை அகலம். ஒரு பெண்ணும் ஒரு பெண் குழந்தையும். பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கிச் சேலை. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. குழந்தை பாவாடை கட்டி, கேமராவைப் பார்த்து மிரண்டு நிற்கிறது. பின்புறம் தமிழில் பென்சில் எழுத்து: "என் மகள் 4 வயது." அவ்வளவுதான்.

இது இந்தியாவில் எடுத்தது என்றே நினைக்கிறோம். கட்டும் கோலமும் தென் ஜில்லாப் பக்கம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை என்று சொல்கிறது. 1938ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு குடும்பத்தை இங்கே கொண்டு வருவது லேசான காரியமாக இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்த பிறகு ஊர்த் தபாலும் நின்று போனது. டின் 1945ல் இங்கே வந்துவிட்டது. அப்படியென்றால் இந்தப் படம் 1941 முடிவதற்குள் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தை 1937லோ அதற்கு முன்போ பிறந்தது. இன்று இருந்தால் தொண்ணூறை நெருங்கிய கிழவி; டின்னை வைத்திருக்கும் நம் அம்மாவுக்குச் சில வயது மூத்தவர். அவருக்குத் தகப்பன் முகம் ஞாபகம் இருக்குமோ இல்லையோ!

இப்படியெல்லாம் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பிரான்சில் விக்னக்கூர் என்ற சின்ன ஊர். முதல் உலகச் சண்டையின்போது அங்கே துய்யே என்ற தம்பதி, சண்டைக்குப் போய் வந்த சிப்பாய்களைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார்கள். தகடுகள் பரணில் கிடந்து, 2011ல் வெளியே வந்தன. எத்தனையோ பேர் ஆஸ்திரேலியர்கள். படங்களை ஊரறியக் காட்டியதும், "இது எங்க தாத்தா", "இது எங்க பெரியப்பா" என்று குடும்பங்கள் வந்தன. தொப்பிச் சின்னத்தை வைத்துப் பட்டாளத்தையும், பட்டாளத்து ஏட்டை வைத்துப் பேரையும் பிடித்தார்கள். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் கழித்து!

அவர்களுக்கு ஏடு இருந்தது. நம்மவருக்கு அப்படி முழுசான ஏடு இல்லை. செராஸ் ரோட்டுக் கல்லறையில் காமன்வெல்த் சிப்பாய்களுக்குப் பேர் வெட்டிய கல் நிற்கிறது. சிங்கப்பூர் கிராஞ்சியில் உடல் கிடைக்காத 24,000 பேருக்கு மேல் சுவரில் பேர் பொறித்திருக்கிறது. அதில் இந்தியச் சிப்பாய்களும் ஏராளம். தோட்டத்திலிருந்து ஐ.என்.ஏ.வுக்குப் போனவனுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. அவனுக்காக எழுப்பிய சின்னத்தையும் வெடி வைத்தாயிற்று. ஆக, நம்மிடம் இருக்கும் ஏடு ஞாபகம்தான். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ.காரர்கள் வாய்மொழியாகச் சொன்னதைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கல்கத்தாவில் நேத்தாஜி ஆராய்ச்சி நிலையம் 1957லிருந்து இருக்கிறது. மணிப்பூர் மொய்ராங்கில் ஐ.என்.ஏ. அருங்காட்சியகம் இருக்கிறது. இவர்களிடமும் நகல் அனுப்பும் யோசனை உண்டு. ஆனால் பெரியவர்கள் கண் மூடுவதற்குள் முடிய வேண்டிய காரியம் தோட்டத்தில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படிப் படம் இருந்தால் சில யோசனைகள். பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். பின்புறத்து எழுத்துத்தான் பாதிச் சாட்சி. பேனாவால் எழுதாதீர்கள், மை ஊறி முகத்தில் தெரியும். பென்சிலால் பின்புறம் லேசாக எழுதலாம். சாமி மாடத்தில் ஊதுபத்திப் புகைக்கு நேரே வைக்க வேண்டாம். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்து எடுக்காமல் அப்படியே நகல் எடுங்கள். முக்கியமாக, வீட்டுப் பாட்டியிடம் படத்தைக் காட்டிப் பேசச் சொல்லி, கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போட்டு நாம் இழந்த பெரியவர்கள் கொஞ்சமல்ல.

இனி, நம் சிப்பாயின் அடையாளங்களை மறுபடி சொல்கிறோம். 1943ல் முப்பதுக்குள் வயது. நடுத்தர உயரம். இடது காது மடல் கிழிந்தவர். கோலாலம்பூரில் படமெடுத்தவர், 1945ல் சிங்கப்பூரில் இருந்தவர். ஊரில் மனைவியும் ஒரு மகளும். உலு லங்காட் பக்கத்திலிருந்து வந்த இளையவர் ஒருவர் அவரை "அண்ணன்" என்று கூப்பிட்டிருக்கிறார். "காதறுந்த தாத்தா" என்று உங்கள் வீட்டிலோ லயத்திலோ யாரையாவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? 1946க்குப் பிறகு ஒரு டின்னைத் தேடிக்கொண்டு தோட்டம் தோட்டமாய் ஒருவர் வந்ததாகப் பெரியவர்கள் சொன்னதுண்டா?

நகல் எடுத்த படங்களைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். வருகிற தோட்டக் கூட்டங்களுக்கு அவற்றைக் கொண்டு வருகிறோம். முதலில் உலு லங்காட், காஜாங் பக்கம், பிறகு கிள்ளான், கோல சிலாங்கூர். சம்பள விவகாரம் முடிந்ததும் படங்களை மேசையில் பரப்புவோம். வயதானவர்களைக் கூட்டி வாருங்கள். மூக்குக் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள்.